ஒரே ராத்திரியில் மேற்கே, நாளுக்கு நாள் கிழக்கே: நிலா உண்மையில் எந்தப் பக்கம் போகிறது?

மாடிக்காற்று:

வணக்கம். சின்னக் கேள்வி மாதிரித்தான் தெரியும், ஆனால் ஒரு வாரமாக மண்டையைக் குடைகிறது.

பிறை வளர்வதைத் தினமும் ஒரே இடத்திலிருந்து படமெடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்கித் தருகிறேன் என்று என் மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அஞ்சாவது படிக்கிறாள். மாடிக் கைப்பிடிச் சுவரில் போனை ஸ்டாண்டோடு வைத்து டேப் போட்டு ஒட்டினேன். இம்மியளவும் நகரக் கூடாது என்று ஸ்டாண்டைச் சுற்றி சாக்பீஸால் கோடும் கிழித்தாயிற்று. தினமும் சரியாக இரவு 7 மணிக்கு ஒரு கிளிக். நிலா அதே இடத்தில் இருக்கும், பிறை மட்டும் தடித்துக்கொண்டே போகும், அழகாக வரும் என்று நினைத்தேன்.

நடந்ததே வேறு. முதல் நாள் மேற்கே தாழ்வாக, ஃபிரேமின் அடிப்பகுதியில் மெல்லிய கீற்று. மறுநாள் அது நன்றாக மேலே ஏறிவிட்டது. மூன்றாம் நாள் இன்னும் மேலே. நாலாம் நாள் ஃபிரேமின் மேல் விளிம்பை ஒட்டிக்கொண்டு நின்றது. ஐந்தாம் நாள் படத்தில் நிலாவே இல்லை, வெறும் இருட்டு. போனை யாரோ தட்டிவிட்டார்கள் என்று வீட்டில் எல்லோரையும் நிற்க வைத்து விசாரித்துவிட்டேன். ஆனால் சாக்பீஸ் கோடு அப்படியே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் மட்டும், சும்மா அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். அதில் நிலா படத்துக்குப் படம் கீழே இறங்கி மேற்கே மறைகிறது. ஆக ஒரே ராத்திரிக்குள் பார்த்தால் மேற்கே இறங்குகிறது, நாளுக்கு நாள் பார்த்தால் கிழக்குப் பக்கமாக ஏறிக்கொண்டே போகிறது. "அப்பா, நிலா முன்னாடி போகுதா, பின்னாடி போகுதா?" என்று மகள் கேட்டாள். வேலை இருக்கிறது என்று சொல்லி நழுவிவிட்டேன்.

இதில் எது நிஜம்? அப்புறம், நான் நினைத்த மாதிரிப் படம் எடுக்க வழி உண்டா?

கணக்குவாத்தியார்:

போனை யாரும் தட்டவில்லை. முதலில் வீட்டில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

நீங்கள் பார்த்த இரண்டும் நிஜம். ஒன்று நம்முடைய ஓட்டம், இன்னொன்று நிலாவுடையது. ராத்திரிக்குள் அது மேற்கே இறங்குவதற்குக் காரணம் நிலா இல்லை, பூமி. பூமி மேற்கிலிருந்து கிழக்காக மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது, அதனால் சூரியன், நட்சத்திரம், நிலா என்று வானத்தில் உள்ள எல்லாமே பாரபட்சம் இல்லாமல் மேற்கே போவது போலத் தெரிகிறது. படகில் போகிறவனுக்குக் கரையில் நிற்கிற மரம் பின்னால் போவது போலத்தான் இதுவும் என்று ஆரியபட்டர் 5ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே எழுதிவிட்டார்.

இப்போது நிலாவின் சொந்த நடைக்கு வருவோம். அதுவும் மேற்கிலிருந்து கிழக்காகத்தான் பூமியைச் சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு 27.3 நாள். 360ஐ 27.3ஆல் வகுத்தால் நாளுக்கு 13 டிகிரிக்குச் சற்று மேல் வரும், மணிக்கு ஏறக்குறைய அரை டிகிரி. வானத்தில் நிலாவின் அகலமும் அதே அரை டிகிரிதான். அதாவது ஒரு மணி நேரத்தில் நிலா தன் அகலத்துக்குச் சமமான தூரம் கிழக்கே நகர்கிறது, அதே ஒரு மணி நேரத்தில் பூமியின் சுழற்சி அதை முப்பது நிலா அகலத்துக்கு மேற்கே கொண்டுபோய்விடுகிறது. முப்பதுக்கு ஒன்று என்றால் அந்த ஒன்று எப்படிக் கண்ணில் படும்? ராத்திரி பூராவும் விழித்து உட்கார்ந்து பார்த்தாலும் மேற்கே போவதுதான் தெரியும்.

நீங்கள் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை கிளிக் செய்தீர்கள் இல்லையா, அதில்தான் விஷயம் இருக்கிறது. பூமி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி கிட்டத்தட்ட அதே பக்கம் திரும்பி நிற்கும்போது மட்டும் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள். நம் ஓட்டம் தானாகக் கழிந்துபோய், நிலாவின் நடை மட்டும் மிஞ்சியிருக்கிறது. மகளிடம் "நிலா கிழக்கே நடக்கிறது, நாம் அதைவிட வேகமாகக் கிழக்கே சுற்றுகிறோம், அதனால் அது பின்தங்குவது போலத் தெரிகிறது" என்று சொல்லலாம்.

அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை என்றால் முள் வைத்த கடிகாரத்தைக் காட்டுங்கள். பெரிய முள் நாம், சின்ன முள் நிலா. 12 மணிக்கு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று. பெரிய முள் ஒரு சுற்று முடித்து 12க்கு வரும்போது சின்ன முள் அங்கே இருக்காது, 1க்குப் போயிருக்கும். அதைப் பிடிக்கப் பெரிய முள் இன்னும் ஐந்தரை நிமிடம் ஓட வேண்டும். நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிப்பதும் இதே கணக்குதான். சராசரி என்பதை விட்டுவிடாதீர்கள், சில நாள் அரை மணிதான் தள்ளும், சில நாள் ஒரு மணிக்கு மேலே போகும், ஏனென்றால் நிலாவின் பாதை தொடுவானத்தை எப்போதும் ஒரே கோணத்தில் வெட்டுவதில்லை.

ஒரு பொடி விஷயம். நாளுக்கு 13 டிகிரி என்றேன், ஆனால் உங்கள் படத்தை அளந்தால் 12தான் வரும். ஏனென்றால் நம் கடிகாரம் சூரியனை வைத்து ஓடுகிறது, பூமி சூரியனைச் சுற்றுவதால் சூரியனும் நட்சத்திரங்களின் பின்னணியில் நாளுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி கிழக்கே தள்ளிப்போகிறது. 13இல் ஒன்று போனால் 12. அந்த 12 டிகிரிதான் ஒரு திதி. சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவே 12 டிகிரி கூடினால் ஒரு திதி, 30 திதி சேர்ந்தால் 360. நட்சத்திரம் 27 இருப்பது நிலா நட்சத்திரங்களை ஒரு சுற்றுச் சுற்ற 27 நாளும் கொஞ்சமும் ஆவதால். அமாவாசையிலிருந்து அமாவாசைக்கு 29.5 நாள். இந்த இரண்டு கணக்கையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்.

கருவி எதுவும் இல்லாமல் அளக்க வேண்டுமா? கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்குங்கள், அது சுமார் 10 டிகிரி. பக்கத்தில் ஒரு விரலையும் சேர்த்தால் நிலாவின் ஒரு நாள் நடை.

பிறைதேடி:

வாத்தியார் சொன்ன அந்த ஒரு மணிக்கு ஒரு நிலா அகலத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம், அதற்கு நிலா ஒரு பிரகாசமான நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் வரும் ராத்திரியைப் பிடிக்க வேண்டும். நிலாவின் பாதையில் அப்படி நாலு பெரிய நட்சத்திரம் இருக்கின்றன: ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை. நட்சத்திரம் நிலாவோடு சேர்ந்து மேற்கே போகும், அது பூமியின் வேலை. ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் அது மாறியிருக்கும்.

சில சமயம் நிலா நட்சத்திரத்தை நேராகவே மறைத்துவிடும். நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், வளர்பிறை, ரோகிணி, கையில் இரவல் வாங்கிய பைனாகுலர். வளர்பிறையில் நிலாவின் இருட்டுப் பக்கம்தான் முன்னால் போகும், ஒளிப்பக்கம் பின்னால் வரும், அதனால் நட்சத்திரத்தை நோக்கி எதுவும் வருவதே தெரியாது. சிவப்பாக ஒரு புள்ளி, பக்கத்தில் வெறும் கருப்பு வானம், கொஞ்சம் தள்ளிப் பிறை. மங்கி மங்கிப் போகும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தேன். கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பார்த்தால் நட்சத்திரம் காணோம்! சுவிட்சை அணைத்த மாதிரி. நிலாவுக்குக் காற்று மண்டலம் இல்லை, நட்சத்திரமோ நமக்கு வெறும் புள்ளி, அப்புறம் எங்கிருந்து மங்கும். முக்கால் மணி நேரம் கழித்து ஒளிப்பக்கத்திலிருந்து வெளியே வந்தது. அன்றைக்குத்தான் நிலா நகர்கிறது என்பது எனக்கு உடம்பில் உறைத்தது, அதுவரைக்கும் புத்தகத்தில் படித்த செய்திதான்.

சும்மாபார்ப்பவன்:

இவ்வளவு கணக்கு எதற்கு? பூமியின் நிழல் நிலா மேல் விழுகிறது, நிலா நகர நகர நிழல் விலகுகிறது, அதனால் பிறை வளர்கிறது, அவ்வளவுதானே. பள்ளியில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

இரவல்தொலைநோக்கி:

நண்பரே, எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், ரொம்ப நாள் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் அது தப்பு.

பூமியின் நிழல் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் மட்டும்தான் விழும். அரை நிலா தெரியும்போது அது சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளி இருக்கிறது, அங்கே நிழல் எட்டிக்கூடப் பார்க்காது. மெல்லிய பிறையோ சூரியன் இருக்கிற பக்கத்திலேயே நிற்கிறது, பூமியின் நிழல் முதுகுப் பக்கம் கிடக்கிறது. பிறையில் இருட்டாகத் தெரிவது நிழல் விழுந்த இடம் இல்லை, நிலாவின் ராத்திரிப் பக்கம். எந்நேரமும் நிலாவில் பாதி வெயிலில்தான் இருக்கிறது, அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் பிறை.

இதை நம்புவதற்கு ஒரு வழி சொல்கிறேன். வளர்பிறை எட்டாம் நாள் வாக்கில் பிற்பகல் மூன்று, நாலு மணிக்கே கிழக்கு வானத்தில் நிலா வெளிறித் தெரியும். வெயிலில் நின்று, ஒரு டேபிள் டென்னிஸ் பந்தைக் கையை நீட்டி நிலாவுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பந்தின் மேல் வெயில் படும் பக்கமும் நிழல் பக்கமும் அச்சு அசலாக அன்றைக்கு நிலா இருக்கிற அதே வடிவத்தில் தெரியும், அதே சாய்வில். பந்துக்கும் நிலாவுக்கும் ஒரே சூரியன், ஒரே திசை. நிழல் கதையை நான் அன்றோடு விட்டேன்.

நிலா மேல் பூமியின் நிழல் விழுவதும் உண்டு, அதற்குச் சந்திர கிரகணம் என்று பெயர். அப்படியானால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஏன் கிரகணம் வருவதில்லை என்று அடுத்த கேள்வி வரும். பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு நிலாவின் பாதை 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. 5 டிகிரி என்றால் கொஞ்சம்தானே என்று தோன்றும், ஆனால் நிலாவின் அகலமே அரை டிகிரி, ஆக பௌர்ணமி நிலா பத்து நிலா அகலம் வரை மேலேயோ கீழேயோ ஒதுங்கிப் போகலாம். அந்தத் தூரத்தில் பூமியின் கரு நிழல் இரண்டரை நிலா அகலத்துக்கும் சற்று அதிகம், அவ்வளவுதான். பெரும்பாலும் தப்பித்துவிடும். இரண்டு தளங்களும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளுக்குப் பக்கத்தில் பௌர்ணமியோ அமாவாசையோ அமைந்தால்தான் கிரகணம். பழைய வானியலில் ராகு, கேது என்று பெயர் வைத்தது அந்தப் புள்ளிகளுக்குத்தான். சூரியன் இந்தப் புள்ளிகளில் ஒன்றை ஏறக்குறைய 173 நாளுக்கு ஒரு தடவை கடக்கும். அது சரியாக அரை வருஷமாக இல்லாமல் கொஞ்சம் குறைவாக இருப்பதற்குக் காரணம், புள்ளிகளே பின்னோக்கி நகர்ந்து 18.6 வருஷத்தில் ஒரு சுற்று வருகின்றன.

மாடிக்காற்றின் கேள்விக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. நிலா கிழக்கே நடக்கிறது என்பதற்குக் கிரகணத்தைவிட நல்ல சாட்சி இல்லை. சந்திர கிரகணத்தில் நிலாவின் கிழக்கு விளிம்புதான் முதலில் இருட்டும், ஏனென்றால் நிழலுக்குள் தலையை விடுவது அந்தப் பக்கம். சூரிய கிரகணத்தில் நேர்மாறு, சூரியனின் மேற்கு விளிம்பு முதலில் கடிபடும், ஏனென்றால் நிலா பின்னாலிருந்து வந்து சூரியனை முந்துகிறது. தரையில் நிலாவின் நிழல் ஓடுவதும் மேற்கிலிருந்து கிழக்கேதான். நிலா வினாடிக்கு 1 கிலோமீட்டர் போகிறது, மணிக்கு 3,600 கிலோமீட்டர் மாதிரி. நிலநடுக்கோட்டில் பூமியின் தரை அதே திசையில் மணிக்கு 1,670 கிலோமீட்டர் சுற்றுகிறது. தரை என்னதான் ஓடினாலும் நிழலைப் பிடிக்க முடியாது.

விமானம் பிடித்திருக்கிறது! 1973 ஜூன் 30 முழுச் சூரிய கிரகணத்தின்போது ஒரு கான்கார்ட் விமானத்தில் விஞ்ஞானிகள் ஏறி, ஆப்பிரிக்கா மேல் நிழலோடு சேர்ந்து கிழக்கே பறந்தார்கள். தரையில் நின்றவர்களுக்கு அதிகபட்சம் 7 நிமிடம் கிடைத்த முழு இருட்டு அவர்களுக்கு 74 நிமிடம் கிடைத்தது. ஒலியின் வேகத்தைப் போல் இரண்டு மடங்கில் பறந்தும் கடைசியில் நிழல்தான் ஜெயித்தது.

சும்மாபார்ப்பவன்:

பந்து வைத்துப் பார்த்துவிட்டேன். சரி, ஒப்புக்கொள்கிறேன், முப்பது வருஷம் தப்பாகவே நினைத்திருக்கிறேன். விட்டதற்குச் சேர்த்து இன்னொன்று கேட்கிறேன். நமக்கு நிலாவின் ஒரே முகம்தான் தெரிகிறது. அப்படியானால் நிலா தன்னைத்தானே சுற்றுவதில்லை, பூமியை மட்டும் சுற்றுகிறது, இதாவது சரியா?

கணக்குவாத்தியார்:

அதுவும் தப்பு, ஆனால் கெட்டிக்காரத்தனமான தப்பு.

அறை நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு, முகத்தை நாற்காலியை விட்டு எடுக்காமல் அதைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் முகம் மட்டும்தான் தெரியும், முதுகு தெரியாது. ஆனால் நீங்கள் நாலு சுவரையும் பார்த்திருப்பீர்கள். நாலு சுவரையும் பார்த்தவர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? நிலா தன்னைத்தானே சுற்றவும் 27.3 நாள், பூமியைச் சுற்றவும் 27.3 நாள். இது தற்செயல் இல்லை. பூமியின் ஈர்ப்பு நிலாவின் பழைய சுழற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து நிறுத்தி இந்தக் கணக்கில் பூட்டிவிட்டது. மறுபக்கம் எப்படி இருக்கும் என்று 1959 அக்டோபர் வரை யாருக்கும் தெரியாது, சோவியத்தின் லூனா 3 படமெடுத்து அனுப்பியபோதுதான் தெரிந்தது. பார்த்தால், நம் பக்கம் இருக்கிற பெரிய கருந்திட்டுகள் அங்கே ரொம்பக் குறைவு.

நிலாவில் சூரியன் உதித்து மறைந்து மறுபடி உதிக்க 29.5 நாள் ஆகும், அதாவது பகல் மட்டுமே ஏறக்குறைய 14 நாள். 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்-3க்குப் பணிக்காலம் 14 நாள் என்று செய்திகளில் சொன்னார்களே, அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? சூரிய ஒளியில் ஓடும் கருவி, அந்த ஒரு பகல்தான் அதன் ஆயுள்.

இரவல்தொலைநோக்கி:

சார் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம், சார் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். ஒரே முகம்தான், ஆனால் அந்த முகம் லேசாகத் தலையாட்டுகிறது. நிலாவின் சுழற்சி ஒரே சீரானது, ஆனால் பாதை சரியான வட்டம் இல்லை, பூமிக்கு அருகில் வரும்போது 3,63,000 கிலோமீட்டர் அளவிலும், விலகும்போது 4,05,000 கிலோமீட்டர் அளவிலும் இருக்கும். அருகில் வரும்போது வேகமாக ஓடும், தள்ளிப் போகும்போது மெதுவாக நடக்கும். சுழற்சி ஒரே சீராகவும் நடை ஏற்ற இறக்கமாகவும் இருந்தால் ஒரு சமயம் கிழக்கு ஓரம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், ஒரு சமயம் மேற்கு ஓரம். மேல் கீழாகவும் இப்படி ஒரு ஆட்டம் உண்டு. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நமக்குத் தெரிவது 50 சதவீதம் இல்லை, 59.

இதைப் பார்க்க ஒரு குறி சொல்கிறேன். நிலாவின் விளிம்புக்குப் பக்கத்தில், மற்ற திட்டுகளோடு சேராமல் தனியாக ஒதுங்கிக் கிடக்கும் ஒரு கருந்திட்டு இருக்கும், மேர் கிரிசியம் என்று பெயர். வளர்பிறை மூன்று, நாலு நாளிலேயே தெரியும். சில நாள் அது விளிம்பை ஒட்டிக் கிடக்கும், சில நாள் நன்றாக உள்ளே தள்ளி இருக்கும். ஒரே திட்டுதான், தலை திரும்பியிருக்கிறது.

நிலாவில் நின்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. அங்கே பூமி உதிக்காது, மறையாது. நின்ற இடத்தில் தலைக்கு மேலே பூமி இருந்தால் எப்போதும் தலைக்கு மேலேதான், லேசாக ஆடிக்கொண்டு. நமக்கு அமாவாசை என்றால் அங்கே முழு பூமி. 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8இலிருந்து எடுத்த, நிலாவின் விளிம்புக்கு மேலே பூமி எழும் படத்தைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அவர்கள் நிலாவைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்ததால் கிடைத்த உதயம் அது, கீழே தரையில் நின்றிருந்தால் அந்தப் படம் கிடைத்திருக்காது.

பிறைதேடி:

எல்லோரும் விண்வெளிக்குப் போய்விட்டீர்கள், பாவம் மாடிக்காற்று கேட்ட படத்துக்கு யாரும் வழி சொல்லவில்லை.

நண்பரே, 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்ததுதான் பிரச்சினை. 24 மணி 50 நிமிடத்துக்கு ஒரு தடவை எடுங்கள். முதல் நாள் 7.00, மறுநாள் 7.50, அதற்கு மறுநாள் 8.40. நிலா ஏறக்குறைய அதே உயரத்துக்கு வந்து நிற்கும், பிறை மட்டும் தடிக்கும். கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை, அலை ஏறும் நேரமும் நாளுக்கு நாள் இதே 50 நிமிடம்தான் தள்ளிப்போகும்.

"ஏறக்குறைய" என்று சொன்னதைக் கவனியுங்கள். துல்லியமாக அதே புள்ளியில் வராது. நிலா நடக்கிற பாதை சாய்வானது, மாதத்தில் பாதி நாள் வடக்கே ஏறும், பாதி நாள் தெற்கே இறங்கும். ஒரு மாதம் விடாமல் எடுத்தால் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து 8 மாதிரி ஒரு வடிவத்தில் நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பத்தாவது நாள் கிளிக் விடிகாலை இரண்டரைக்கு விழும், உங்களை எழுப்புவது யார் என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். அப்புறம் பகலிலும் சில நாள் விழும், அமாவாசையை ஒட்டிய இரண்டு மூன்று நாள் எப்படியும் கிடைக்காது.

மாடிக்காற்று:

ஒரு மாதம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. கடிகார முள் விளக்கம் மகளுக்கு உடனே பிடித்துவிட்டது, அவள் அதைத் தன் அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் நடத்திக் காட்டினாள். மன்னிப்பும் கேட்டாயிற்று.

அமாவாசை தாண்டி மூன்றாம் நாள் ஆரம்பித்தோம். 7.00, 7.50. 8.40க்கு மேகம். 9.30, 10.20, 11.10. ஐந்தாம் நாளிலிருந்து அவள் தூங்கிவிட்டாள், நான் மட்டும் அலாரம் வைத்து மாடி ஏறினேன். அதற்கு மேல் முடியவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் அந்த ஐந்து படத்தையும் அடுக்கியபோது வந்ததே! உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், பிறை மட்டும் தடித்துக்கொண்டு, நாளுக்கு நாள் கொஞ்சம் வலது பக்கமாக, அதாவது வடக்கே ஒதுங்கிக்கொண்டு. வரிசையாக யாரோ சாய்த்து வைத்த மாதிரி.

இப்போது அடுத்த தலைவலி. மகள் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, அந்தத் தனித் திட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே திரையிலேயே ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருக்கிறாள். 4 மில்லிமீட்டர் இருந்தது 6 ஆகிவிட்டதாம், நிலா தலையைத் திருப்பிவிட்டதாம். இது நிஜம்தானா?

இரவல்தொலைநோக்கி:

கேட்டது சரியான கேள்வி, அளந்தது தப்பான படம். நீங்கள் எடுத்தது அகலமான படம், பக்கவாட்டில் 70 டிகிரி வானம் அதில் அடங்கும், நிலா அரை டிகிரி. குறுக்கே 4,000 பிக்சல் இருந்தாலும் நிலாவுக்குக் கிடைப்பது 30க்கும் குறைவு. அதிலும் பிறை வெளுத்துப்போய்த்தான் விழுந்திருக்கும். அவள் அளந்த அந்த 2 மில்லிமீட்டர் ஒன்றோ இரண்டோ பிக்சலின் தடுமாற்றம், திட்டே அதில் தெரிய வாய்ப்பில்லை.

ஒரு பைனாகுலரை ஸ்டாண்டில் கட்டி, அதன் கண்ணாடியில் போனை ஒட்டினாற்போல் வைத்து, வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து எடுக்கச் சொல்லுங்கள். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் ஒன்று, அடுத்த மாதமும் அதே நாளில் ஒன்று, இப்படி மூன்று நாலு மாதம். வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கும், தலை திரும்பியது மட்டும் தெரியும். படத்தை அச்செடுத்து அதன் மேல் ஸ்கேல் வைக்கச் சொல்லுங்கள், திரையில் வேண்டாம், அளக்கும்போதே படம் சின்னதாகும் பெரிதாகும்.

மாடிக்காற்று:

பைனாகுலர் ஆர்டர் போட்டாயிற்று. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.